ஆம்பூரின் மங்காத மஞ்சள்

தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த பழுப்பு நிறப் போத்தலை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சாராயமா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, சாராயத்திலை கரைச்ச மருந்து. தோலிலை உலோகம் ஒட்டியிருக்கோ எண்டு பாக்கிறதுக்கு" என்றேன். "யார் தோலில்?" என்றார். "ஆம்பூர்க்காரற்றை தோலிலை" என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பெட்டியின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கீறு போட்டு அனுப்பினார். பைத்தியக்காரனிடம் வரி வாங்குவதில்லை போலும்.

கொழும்பில் ஒரு தோல் வைத்தியரின் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளன். சென்ற வருஷம் எங்களிடம் கால் வீங்கிப் பலர் வந்தார்கள். சப்பாத்தின் வார் எங்கெங்கே படுகிறதோ அங்கங்கே கொப்புளம். வைத்தியருக்குச் சந்தேகம் குரோம் என்கிற உலோகத்தின் மேல். இப்போதெல்லாம் தோலை அதில் ஊறப்போட்டுத்தான் பதனிடுகிறார்களாம். அப்படியானால் அந்தத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறவன் கையில் எவ்வளவு ஒட்டும்? அளந்து கொண்டு வா என்று என்னை அனுப்பினார். வைத்தியருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒத்துக்கொள்ளும் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

அளக்கும் முறை சுலபமானது. நனைத்த காகிதத் துண்டை உள்ளங்கையில் வைத்து அறுபது எண்ணும்வரை அழுத்த வேண்டும். பிறகு அதில் இரண்டு சொட்டு மருந்து. உலோகம் இல்லையென்றால் காகிதம் வெள்ளையாகவே இருக்கும். இருந்தால் ஊதா நிறம் ஏறும். எவ்வளவு ஊதா என்று ஒப்பிட நானே ஓர் அட்டை தயாரித்திருந்தேன். ஒன்றாம் நம்பர், இருக்கிறதோ இல்லையோ என்கிற நிறம். ஐந்தாம் நம்பர், நாவற்பழம் தின்ற நாக்கு.

ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கியது ஒரு புதன்கிழமை காலை. ஊரைக் கண் பார்ப்பதற்கு முன் மூக்கு பார்த்துவிட்டது. அழுகலும் சுண்ணாம்பும் இன்னும் என்னவோவும் கலந்த வாடை. நான் கைக்குட்டையைத் தேடியதைப் பார்த்த ஜட்கா வண்டிக்காரர், "ரெண்டு நாளு சார். அப்பறம் வாசனையே தெரியாது" என்று ஆறுதல் சொன்னார். கொழும்பு மீன் சந்தைக்கு வரும் வெளியூர்க்காரரிடம் நாங்களும் இதைத்தான் சொல்வோம்.

நான் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்ததும் குதிரை முன்பக்கம் எழும்பியது. "முன்னாடி தள்ளி குந்துங்க சார், தூக்கினு பூடும்" என்றார் வண்டிக்காரர். தள்ளி உட்கார்ந்தேன். கடைத்தெரு தாண்டியதும் கடையாணி கழன்று வலது சக்கரம் தனியே உருண்டு ஒரு பூக்காரியின் கூடையில் போய் மோதியது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு புழுதியில் விழுந்தேன். போத்தல் உடையவில்லை. அதன் தக்கை மட்டும் கொஞ்சம் விரிந்துவிட்டது. அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சக்கரத்தை மாட்டும்வரை நின்ற தெரு அழகாக இருந்தது. சில வீடுகளின் வாசற்படிகள் பளிச்சென்ற மஞ்சளில் வெயிலுக்கு மின்னின. எங்கள் யாழ்ப்பாணத்திலும் வெள்ளிக்கிழமை படிக்கு மஞ்சள் பூசுவார்கள். ஆனால் மறுநாள் வெயிலிலேயே அது வெளுத்துப் போகும். இங்கே புதன்கிழமையிலும் அப்படியே இருந்தது. "இவ்வூர்ப் பெண்கள் இலட்சுமிகரமானவர்கள்" என்று அன்று நாட்குறிப்பில் எழுதினேன். அந்த வரியை அடிக்காமல் வைத்திருக்கிறேன், எனக்கு ஒரு பாடமாக.

தோல் பதனிடும் இடத்தை இங்கே தோல் ஷாப்பு என்கிறார்கள். நான் போக வேண்டிய ஷாப்பின் முதலாளி ஒரு ஹாஜியார். வெள்ளைத் தாடி, நல்ல மனிதர். காலை பத்து மணிக்கே பிரியாணி வைத்தார். பத்து மணிக்கு! கொழும்பில் அந்நேரம் நாங்கள் இரண்டாவது தேநீருக்கு ஏங்கிக்கொண்டிருப்போம். பொடி அரிசி, பஞ்சாக வெந்த இறைச்சி, தொட்டுக்கொள்ளப் புளிப்பாகக் கத்தரிக்காய். வீட்டில் நான் சைவம். ஆம்பூர் வீடு அல்லவே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். வாடையும் அந்தத் தட்டோடு மறந்து போயிற்று. வண்டிக்காரர் இரண்டு நாள் என்றார், எனக்கு இரண்டு மணி நேரமே போதுமாயிருந்தது.

வியாழக்கிழமை ஷாப்புக்குள் போனேன். தொட்டிகளில் மஞ்சள் தண்ணீர். ஆரஞ்சு நிறக் கற்களைக் கரைத்தது. மஞ்சக்கல்லு என்கிறார்கள், நான் தேடி வந்த குரோம் அதில்தான் இருக்கிறது. அதில் முழங்கால் வரை இறங்கி நின்று வெறுங்கையால் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் அந்தக் கல் ஒரு துணுக்கு மேசையில் சிந்தினாலும் வைத்தியர் சத்தம் போடுவார். இங்கே மனிதர்கள் அதில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். 

தொட்டிக்கு மேஸ்திரி முனுசாமி. முப்பது வயதிருக்கும். "கையை நீட்டுங்கோ, ஒருக்காப் பாக்கவேணும்" என்றேன். "நீங்க பேசறது மலையாளமா சார்?" என்று கேட்டுக்கொண்டே நீட்டினார். விரல் மூட்டுகளில் பென்சிலால் குத்தி எடுத்தது மாதிரி வட்டக் குழிகள். ஒன்றில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எலும்பு என்று எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று.

"இதென்ன?"

"கண்ணு சார். கையில கண்ணு தொறந்தாதான் அவன் தொட்டிக்காரன். எனக்கு மூணாம் வருசமே தொறந்துடுச்சி. வலியே இருக்காது. மொதக் கண்ணுக்கு எல்லாருக்கும் வெல்லம் குடுப்போம்."

காதுகுத்துக்கு வெல்லம் கொடுப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கையில் ஓட்டை விழுந்ததற்குக் கொடுப்பதை அன்றுதான் கேட்டேன். காகிதத்தை வைத்து அழுத்தி மருந்தைச் சொட்டினேன். அட்டையின் ஐந்தாம் நம்பரையும் தாண்டிக் கறுத்தது. முனுசாமி அதைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். அப்புறம் போட்டி ஆரம்பித்துவிட்டது. வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். ஒருவருக்கு வெளிர் ஊதாதான் வந்தது. "இன்னா சார் இது, எனக்கு ரெண்டு நம்பர்தான் போடறீங்க? பத்து வருசமா தண்ணில நிக்கிறேன். இன்னொரு சொட்டு ஊத்திப் பாருங்க" என்று சண்டைக்கு வந்தார். ஆபத்தைக் காட்ட வந்தவன் பரிசு கொடுக்கிறவன் ஆகிவிட்டேன். விளங்கப்படுத்தினேன். என் தமிழ் அவர்களுக்கு விளங்கவில்லையா, விஷயம் விளங்கவில்லையா, தெரியாது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் மேஸ்திரிகள் மட்டும் ஆளுக்கொரு போத்தலில் மஞ்சள் தண்ணீரை மொண்டு மூடிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று கேட்டேன். "அது மேஸ்திரிங்க மாமூல் சார். வியாழக்கெழமை ஒரு பாட்டில்" என்றார் ஒருவர். வீட்டில் ஏதாவது தோல் வேலை செய்வார்களாக்கும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். கேள்வி கேட்கச் சம்பளம் வாங்குகிறவன் ஒரு கேள்வியோடு நிறுத்தியது பிழை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை. பிற்பகலில் ஷாப்பு ஓய்ந்திருந்தது. முனுசாமி தனியே வந்து நின்றார். முந்தைய நாளின் சிரிப்பு அவரிடம் இல்லை.

"சார், நீங்க தோல் டாக்டராண்ட இருக்கறவரு. என் ஊட்டுக்காரியக் கொஞ்சம் பாக்கணும். நாளைக்கி வண்டி சொல்லியிருக்குது."

"எங்கை போக?"

"பெருவியாதி ஆசுபத்திரிக்கு. வுட்டுட்டு வந்துடணும்."

பெருவியாதி என்றால் குஷ்டம். பெட்டியோடு அவர் பின்னால் நடந்தேன். முதல் நாள் என் வண்டி சாய்ந்த அதே தெரு. அவர் வீட்டு வாசற்படியும் மஞ்சள்தான். பெட்டியைப் படியின்மேல் வைத்துவிட்டு நின்றேன். எதிரே வேப்பமரத்தடியில் ஓர் ஆட்டுக் கொட்டகை. அதன் இருட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். கன்னியம்மா. இருபது வயதுக்கு மேல் இராது. இருபது நாளாக அங்கேதான் இருக்கிறாளாம். தனித் தட்டு, தனிக் குவளை. பத்து மாதக் குழந்தையைப் பிரித்து மாமியார் வைத்துக்கொண்டு ஆட்டுப்பால் கொடுக்கிறார். கன்னியம்மாவின் கைகள் தடித்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தன.

அவள் இரண்டடி முன்னால் வந்தாள். நான் மூன்றடி பின்னால் போனேன். இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். நாலு புத்தகம் படித்தவன், ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன், அந்த மாமியாரைவிட வேகமாகப் பின்வாங்கினேன். அவள் அதைக் கண்டுகொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். "நான் டாக்டர் இல்லை, எனக்கு இது தெரியாது" என்று முனுசாமியிடம் சொல்லிவிட்டுப் போவதற்காகப் பெட்டியைத் தூக்கினேன்.

பெட்டி இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா.

தக்கை விரிந்த போத்தல் கசிந்திருந்தது. மாமியார் குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ, வெள்ளிக்கெழமையும் அதுவுமா நெலப்படிய கறையாக்கிட்டானே!" நானும் முதலில் அதற்குத்தான் பயந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவன் குனிந்து அந்த ஊதாவைப் பார்த்தேன். மஞ்சள் கிழங்கு பட்டு அந்த மருந்து ஊதாவாகாது.

"மேஸ்திரியார், இந்த மஞ்சள் எங்காலை வந்தது?"

"தொட்டித் தண்ணி சார்" என்றார் முனுசாமி, அந்த நேரத்திலும் சிறிது பெருமையோடு. "கடை மஞ்சள் மக்யா நாளே வெளுத்துடும். இது ஒரு வாரம் நிக்கும். மேஸ்திரி ஊட்டுக்கு மட்டும்தான் உண்டு."

"ஆர் பூசுறது?"

குப்பம்மா பதில் சொன்னார். "ஊட்டு மருமவதான். நான் தாலியறுத்தவ, என் கை நெலப்படியில படலாமா?"

"இந்த இருபது நாளும்?"

"அவதான் பூசறா. புருசன் இருக்கற வரைக்கும் அவ சொமங்கலிதான? இன்னிக்கிக் காலையிலகூட பூசனா."

பிள்ளையைத் தொடக் கூடாத கை, தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாத கை, படிக்கு மஞ்சள் பூச மட்டும் ஆகும். இருபது நாளாக ஒதுக்கி வைத்தும் அது ஏன் ஆறவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.  கன்னியம்மாவிடம் போனேன். இந்த முறை அவள்தான் பின்வாங்கினாள்.

"அரிக்கிறதோ தங்கச்சி?"

என் பேச்சு புரிந்ததோ இல்லையோ, அந்த ஒரு சொல் புரிந்துவிட்டது. "ராவெல்லாம் அரிக்குது சாமி. செவுத்துல வெச்சித் தேச்சிக்கிறேன்" என்று சொல்லி அழுதாள். அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. பெருவியாதிப் படையில் தொட்டால்கூடத் தெரியாது, அரிப்பு எங்கிருந்து வரும் என்று எங்கள் வைத்தியர் நூறு தடவை சொல்லியிருப்பார். நானும் கேட்காமல்தானே போகப் பார்த்தேன்?

காகிதத்தை நனைத்தேன். குப்பம்மாவை முதலில் நீட்டச் சொன்னேன். வெள்ளை. கன்னியம்மாவின் கையில் வைத்தேன். ஊதா, மூன்றாம் நம்பர். முனுசாமி இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தாலியறுத்த கை சுத்தமாக இருந்தது. சுமங்கலியின் கை வெந்து போயிருந்தது.

குப்பம்மா இதற்கெல்லாம் மசிகிறவர் இல்லை. "காயிதம் கலர் மாறுனா வியாதி இல்லன்னு ஆயிடுமா? ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்றார். அப்போது அவர் இடுப்பிலிருந்த குழந்தை நெளிந்து இறங்கி, தவழ்ந்து வந்து, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்து உட்கார்ந்தது.

"இங்கைதான் இருக்கிறவனோ?" என்றேன்.

"பொழுதினிக்கும் அங்கதான்" என்றார் குப்பம்மா. "அங்கேந்து பார்த்தாத்தான் அவ தெரியறா. பல்லு வேற மொளைக்குது, படியக் கடிச்சிக்கினே குந்தினு இருப்பான்."

 அந்தச் சின்னக் கைக்குக் காகிதத்தைக் கிழித்துப் பாதியாக்க வேண்டியிருந்தது. அறுபது எண்ணும்வரை அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இரண்டு சொட்டு. நாலாம் நம்பர்.

முனுசாமி அட்டையை வாங்கிப் பார்த்தார். நம்பரின் அர்த்தம் அவருக்குத் தெரியும். முந்தைய நாள் தொட்டிக்காரர்கள் அதற்காகச் சண்டை போட்டதை அவர் பார்த்தவர். "என் புள்ள இன்னும் ஷாப்பு வாசலைக்கூட மிதிக்கலயே சார்" என்றார். பிறகு குழந்தையைத் தூக்கிக் கிணற்றடிக்கு ஓடினார். குப்பம்மா அதற்கு மேல் ஊரைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை, சொல்லியிருந்த மாட்டு வண்டியை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, குழந்தையைக் குப்பம்மாவிடம் விட்டு, முனுசாமியும் கன்னியம்மாவும் நானுமாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். என் வார்த்தை போதாது, ஒரு வைத்தியர் வாயிலிருந்து வர வேண்டும். மோட்டார் பஸ்ஸில் நடத்துனர் கன்னியம்மாவின் கையைப் பார்த்துவிட்டார். "இந்தம்மாவ ஏத்த முடியாது. பக்கத்துல யாரு குந்துவாங்க?" என்றார். "நான் இருப்பன். அவ என்ர தங்கச்சி" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கும் எனக்கும் ஜாடை இல்லை, பாஷையும் இல்லை. நடத்துனர் என் சட்டையைப் பார்த்து விட்டுவிட்டார். பள்ளிகொண்டாவில் வண்டி சூடாகி நின்றது. ஒரு மணி நேரம். எல்லாரும் இறங்கி இளநீர் குடித்தார்கள். கன்னியம்மா இறங்கவில்லை. இறங்கினால் மறுபடி ஏற விடமாட்டார்கள் என்று பயந்தாள். முனுசாமி ஓர் இளநீரை வாங்கி வந்து முதலில் அவள் வாயில் வைத்தார். மீதியை அவர் குடித்தார். இருபது நாளில் அதுதான் முதல் தடவை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். கன்னியம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அங்கங்கே தொட்டார், பிறகு ஊசி முனையால். தொட்ட இடத்தையெல்லாம் அவள் சரியாகச் சொன்னாள். "இது பெருவியாதி இல்லை. மருந்து தருகிறேன். அந்தத் தண்ணீரை மட்டும் தொடக் கூடாது" என்றார். "இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றார் முனுசாமி. டாக்டர் மறுபடியும் சொன்னார்.

திரும்பி வரும்போது சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. தெரு முனையில் நின்று பார்த்தேன். ஏழு வாசற்படிகள் மஞ்சளாக மின்னின. புதன்கிழமை அழகென்று பார்த்தவன் இப்போது எந்த வீட்டில் குழந்தை தவழ்கிறது என்று பார்த்தேன். ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "பாட்டில நிறுத்திடறேன். ஆனா மேஸ்திரிங்க கோச்சிப்பாங்க தம்பி, அது அவங்க மரியாதை" என்றார். தொட்டியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அன்று அதற்கு மேல் கேட்கவில்லை.

முனுசாமி வீட்டில் கடப்பாறைச் சத்தம் கேட்டது. வாசற்படியைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். நிலைப்படியைப் பெயர்ப்பது வீட்டையே பெயர்ப்பது மாதிரி என்று குப்பம்மா மூலையில் உட்கார்ந்து முணுமுணுத்தார். ஆனால் தடுக்கவில்லை. மரம் பிளந்து வந்தது. இருந்த இடத்தில் வெறும் பள்ளம். அதில் மண்ணைப் போட்டு மிதித்துவிட்டு, "வா" என்றார்.

கன்னியம்மா கொட்டகையிலிருந்து வந்தாள். படி இல்லாத வாசலில் வந்ததும் பழக்கத்தில் காலை உயரத் தூக்கி வைத்தாள். கைகளில் ஆஸ்பத்திரித் துணி சுற்றியிருந்ததால் குழந்தையை முழங்கைகளால்தான் வாங்க முடிந்தது. குப்பம்மாதான் எடுத்து வந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். வழிக்கென்று ஹாஜியார் கட்டிக் கொடுத்த பிரியாணி மடியில் ஆறிக்கொண்டிருக்க, அரக்கோணம் வரும்வரை வைத்தியரின் படிவத்தை நிரப்பினேன். பெயர், வயது, வேலை, கை நிறம் என்று நாலு கட்டம். ஷாப்பு ஆட்கள் எல்லாருக்கும் வேலைக் கட்டத்தில் தொட்டி, தொட்டி என்று எழுதிக்கொண்டே போனேன். கன்னியம்மாவிடம் வந்ததும் பேனா நின்றது. யோசித்து, "வெள்ளிக்கிழமை வாசற்படிக்கு மஞ்சள் பூசுவது" என்று எழுதினேன். நிறம் மூன்று.

கடைசியாக ஒரு வரி மிஞ்சியிருந்தது. பெயர், வேலு. வயது, பத்து மாதம். வேலை, தவழ்வது. நிறம், நான்கு.